தண்ணீருக்குப் பயப்படும் பெண்கள்

பெண்களின் கண்ணீரைப் பற்றி எழுதியே இருபது வருஷமாகப் பிழைப்பு நடத்துகிறவன் நான். என் கதாநாயகிகள் அழாத அத்தியாயம் குறைவு. அவர்கள் அழும்போதெல்லாம் வாசகிகள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதாநாயகிகளில் ஒருத்தியாவது, காலையில் வேலைக்குப் புறப்பட்டு இரவு வீடு திரும்பும் வரையில், எங்கே போய்ச் சிறுநீர் கழித்தாள் என்று நான் யோசித்ததில்லை. எந்த வாசகியும் என்னைக் கேட்டதில்லை. நானும் சரி, நீங்களும் சரி, அவளுக்குக் கண் இரண்டும் இதயம் ஒன்றும் போதும் என்று தீர்மானித்துவிட்டோம்.

"இதென்ன விஷயம்? கௌரவமான பத்திரிகையில் எழுதுகிற சமாசாரமா இது?" என்று சிலர் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. முகம் சுளிக்கட்டும். அந்தச் சுளிப்பைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். அந்தச் சுளிப்பினால் ஒரு பெண் ஜுரத்தில் விழுந்து கிடந்ததை நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

என் அக்காளை வாழ்க்கைப்படுத்திய ஊர் ஐயங்கார்குளம். காஞ்சீபுரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும். ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. போய்ப் பார்த்தால் அதைக் குளம் என்று சொல்ல வாய் வராது. ஏரி என்றுதான் சொல்லத் தோன்றும். லக்ஷ்மீகுமார தாதாசாரியார் வெட்டியது என்பார்கள். தாத சமுத்திரம் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. கரையில் சஞ்சீவிராயர் கோயில். அருகே நடவாவிக் கிணறு. நடந்தே இறங்கக் கூடிய கிணறு. படிகளில் இறங்கிப் போனால் பூமிக்கு அடியில் ஒரு மண்டபம். வருஷம் முழுவதும் தண்ணீர் நிற்கும் அந்த மண்டபத்தில், சித்திரா பௌர்ணமிக்கு முன்பு தண்ணீரை இறைத்துவிடுவார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் மேளதாளத்தோடு எழுந்தருளி, அந்தப் படிகளில் இறங்கி மண்டபத்துக்குள் போவார். பெருமாளுக்காகப் பூமிக்குள்ளே வழி அமைத்த ஊர் அது.

அந்த உற்சவத்துக்குத்தான் நான் போயிருந்தேன். அக்காள் வீட்டு நடையில் என் அக்காள் பெண் பாயில் சுருண்டு கிடந்தாள். இருபத்திரண்டு வயது. பி.காம். படித்துவிட்டுக் காஞ்சீபுரத்தில் ஒரு பட்டு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலைக்குப் போகிறவள். உடம்பு அனலாய்க் கொதித்தது. போர்வைக்குள்ளே குளிர் தூக்கிப் போட்டது. இடுப்புக்கு மேலே முதுகுப் பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன அக்கா இது?" என்றேன்.

"சூடு, தம்பி. வேற ஒண்ணுமில்ல. நாளெல்லாம் அந்த லைட்டுக்கு அடியில நிக்குதில்ல, ஒடம்பு சூடேறிப் போச்சு. நாலு நாளா நீர்க்கடுப்பு. எளநி குடுத்தேன், வெந்தயம் ஊற வச்சுக் குடுத்தேன். இன்னிக்குக் காய்ச்சலும் வந்திடுச்சு."

பெண் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "மெடிக்கல் ஷாப்புல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டேன், மாமா. ஒரு நாள் நல்லாத்தான் இருந்துச்சு."

"தண்ணீர் குடிக்கிறதில்லையா நீ?"

அவள் பதில் சொல்லச் சற்று நேரம் ஆயிற்று. "காலைல காபி. மத்தியானம் சாப்பிடறப்ப ரெண்டு வாய். அவ்வளவுதான் மாமா. குடிச்சா போகணுமே!"

குடித்தால் போக வேண்டுமே! ஒரு ஊரையே பெயரால் குளமாக வைத்திருக்கும் மண்ணில் பிறந்த பெண், பதினொரு மணி நேரம் இரண்டு வாய்த் தண்ணீரோடு நிற்கிறாள். அங்கே தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. குடித்துவிட்டால் போவதற்கு அவளுக்கு அனுமதி இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடையில் கழிவறை இல்லாமல் இல்லை. கண்ணாடி பதித்த, வாசனை தெளித்த கழிவறை ஒவ்வொரு மாடியிலும் உண்டு. அது புடவை வாங்க வருகிறவர்களுக்கு. விற்கிறவர்களுக்கு உள்ளது மேல் மாடியில், மூட்டைகள் அடுக்கிய இடத்துக்குப் பின்னால் ஒன்று. அதற்குப் போக சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் ஆண்பிள்ளை. போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்துக்கொள்வார். இரண்டாவது தடவை கேட்டால், "இப்பத்தானே போனே?" என்பார், நாலு பேர் காது கேட்க. அதற்கப்புறம் எந்தப் பெண் மூன்றாவது தடவை கேட்பாள்?

அன்று சாயந்தரமே அவளைக் காஞ்சீபுரத்துக்கு அழைத்துப்போய் ஒரு டாக்டரம்மாளிடம் காட்டினோம். சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார் அவர். ஊசி, மாத்திரை, பத்து நாள் ஓய்வு. நான் கதை எழுதுகிறவன். கல்லூரிப் படிப்பையும் முழுசாகப் படித்தவனல்லன். ஆகவே வெட்கப்படாமல் அந்த அம்மாளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பிறகு படித்தும் பார்த்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம்முடைய குடலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமி ஒன்று உண்டு. 1885இல் தியோடார் எஷரிக் என்ற குழந்தை வைத்தியர் கண்டுபிடித்தது, ஈ.கோலை என்று பெயர். குடலுக்குள் இருக்கும் வரை அதனால் தொல்லை இல்லை. அது நீர்த்தாரைக்குள் நுழைந்து சிறுநீர்ப்பைக்குப் போய்விட்டால் நோய். சாதாரணமாக வரும் நீர்க்கடுப்புகளில் நாலில் மூன்றுக்கு இதுதான் காரணம். ஆணுக்கு நீர்த்தாரை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கு நாலே சென்டிமீட்டர். மலத்துவாரமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே கிருமிக்கு அங்கே பயண தூரம் குறைவு. உலகத்துப் பெண்களில் பாதிப் பேருக்காவது ஆயுளில் ஒரு முறை இந்த நோய் வருகிறது. இதில் ஒழுக்கக் கேடும் இல்லை, அசுத்தமான பெண் என்ற அவப்பெயருக்கும் இடமில்லை. உடம்பின் அமைப்பு அப்படி.

இயற்கை இதற்கு ஒரு காவலையும் வைத்திருக்கிறது. தண்ணீர் குடிக்கிறோம், சிறுநீர் பெருகுகிறது, அது பாய்ந்து வெளியேறும்போது வழியில் ஏறிவரும் கிருமிகளையும் அடித்துக்கொண்டு போகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் பாசி பிடிக்காது; தேங்கினால் பிடிக்கும். இதை ஐயங்கார்குளத்துக் குடியானவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீரே குடிக்காமல், வந்ததையும் மணிக்கணக்கில் அடக்கினால், காவலை நாமே கலைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இது வெறும் உவமை அல்ல. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் 140 பெண்களை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2018இல் வெளியாயிற்று. பாதிப் பேர் வழக்கத்தைவிடத் தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் அதிகமாகக் குடித்தார்கள். மற்றவர்கள் வழக்கப்படி இருந்தார்கள். ஒரு வருஷத்தில் வழக்கப்படி இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை நோய் வந்தது; அதிகம் குடித்தவர்களுக்கு 1.7 தடவை. வெறும் தண்ணீர்! அதற்கும் முன்னால், 1997இல், அமெரிக்கப் பள்ளி ஆசிரியைகளிடம் விசாரித்தார்கள். கழிவறைக்குப் போக நேருமே என்று வேலை நேரத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொண்ட ஆசிரியைகளுக்கு இந்த நோய் இரண்டு மடங்குக்கு மேல் வந்திருந்தது. மார்க் லிண்டர் என்ற சட்டப் பேராசிரியரும் இங்க்ரிட் நைகார்ட் என்ற டாக்டரும் சேர்ந்து, வேலை நேரத்தில் சிறுநீர் கழிக்கும் உரிமையைப் பற்றி 1998இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். அங்கேயும் முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். புத்தகம் வந்தே விட்டது.

இப்போது என் அக்காளின் 'சூடு' என்னும் சித்தாந்தத்துக்கு வருகிறேன். அதில் உண்மை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீர் சுண்டி மஞ்சளாகி எரியும். இளநீரும் பார்லிக் கஞ்சியும் மோரும் அதற்கு நல்லவைதான். அவற்றைக் குடிப்பதும் ஒரு விதத்தில் தண்ணீர் குடிப்பதே. ஆனால் கிருமி குடியேறிவிட்ட பிற்பாடு வெந்தயம் அதைத் துரத்தாது. இது முதல் குற்றம். இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரிது. 'உடம்பு சூடு' என்று சொல்லும்போது நாம் பெண்ணின் உடம்பின் மேல் பழியைப் போடுகிறோம். சித்திரை வெயிலின் மேல் போடுகிறோம். கணக்குப் புத்தகத்தோடு மாடிப்படியில் நிற்கிற சூப்பர்வைசர் தப்பித்துக்கொள்கிறார். எரிச்சல் உடம்பில் இருக்கலாம். அதற்குக் காரணம் உடம்பில் இல்லை.

எனக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வேறோர் ஊரில் இருக்கிறார். நல்ல மனுஷர், என் நாவல்களை விடாமல் படிக்கிறவர். அவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "ஸார், அரை மணிக்கு ஒருத்தி எழுந்து போனா வியாபாரம் என்ன ஆறது? வேலை நேரத்துல கொஞ்சம் கம்மியாத் தண்ணி குடிச்சா ஆச்சு!" என்றார்.

கணக்குப் போடுவோம். ஒரு பெண் நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிஷம் போனால் 15 நிமிஷம். என் அக்காள் பெண் ஜுரத்தில் மூன்றே நாள் லீவு எடுத்தாள் என்று வைத்துக்கொண்டாலும், பதினொரு மணி நேர வேலைக் கணக்கில் 33 மணி நேரம். அதாவது 1,980 நிமிஷம். 132 நாள் அவள் கழிவறைக்குப் போய்வரக் கூடிய நேரம் அந்த மூன்று நாளில் போய்விட்டது. அவள் எடுத்ததோ பத்து நாள். லாபக் கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு இந்தக் கணக்கு தெரியாதா? தெரியும். லீவு நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

கடைக்காரர்கள் மட்டும் பொல்லாதவர்கள் என்றும் சொல்லமாட்டேன். அரசாங்கமும் வெகு நாள் இதே மௌனத்தில்தான் இருந்தது. தொழிற்சாலைகளில் கழிவறை வேண்டும் என்று 1948ஆம் வருஷச் சட்டத்திலேயே எழுதினார்கள். கடைப் பெண்கள் உட்காரலாம் என்று எழுத எவ்வளவு காலம் ஆயிற்று பாருங்கள்! கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், விஜி என்ற தையல்காரப் பெண்மணியின் தலைமையில் 'பெண்கூட்டு' என்று சங்கம் அமைத்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது சம்பள உயர்வு அல்ல, கழிவறை. பிறகு நாற்காலி. வருஷக் கணக்கில் போராடியபின் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டுச் சட்டசபை 2021 செப்டம்பரில் அதே வழியில் உட்காரும் உரிமையை எழுதியது. அதே வருஷம் ஜூன் மாதத்தில்தான், முதலமைச்சரின் யோசனைப்படி, பெண் போலீஸாரைச் சாலையோரப் பந்தோபஸ்தில் மணிக்கணக்கில் நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு போட்டார்கள். கையில் லத்தியும் தலையில் தொப்பியும் உள்ள பெண்ணின் கதியே அதுவரை இப்படி என்றால், கையில் புடவையோடு நிற்கிற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

சட்டம் வந்தது நல்லது. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் கழிவறைக்குச் சுவர் எழுப்பலாம்; "இப்பத்தானே போனே?" என்ற வாயை அது மூடாது. அதை மூட வேண்டியவர்கள் நாம். அந்த வாய் கடையில் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சுண்டுவிரலைத் தூக்கும் குழந்தையிடம், "மணி அடிக்கட்டும், உட்காரு" என்று சொல்கிற வாயும் அதுதான். எல்லாப் பள்ளிகளிலும் கழிவறை இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2012இல் ஆறு மாத கெடு வைத்தது. கட்டடம் இருந்தும் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்றால் பெண் குழந்தை என்ன செய்யும்? காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் புட்டியை மாலையில் நிரம்பியபடியே திருப்பிக் கொண்டுவரும். உங்கள் வீட்டில் இன்று சாயந்தரம் அந்தப் புட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்கே கூசுகிறது. காஞ்சியிலிருந்து கோபத்தோடு என் வீடு திரும்பிய மறுநாள், சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்காரம்மாளைப் பார்த்தேன். ஏழு வருஷமாக வருகிறாள். காலை ஆறு மணியிலிருந்து நாலு வீட்டில் வேலை. என் வீட்டுக் கழிவறையை வாரத்தில் இரண்டு நாள் பளபளவென்று கழுவுகிறாள். அவள் ஒரு நாளாவது அதை உபயோகித்தாளா? என் மனைவியைக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நாம சொன்னதில்லையே," என்றாள். வேண்டாம் என்றும் நாங்கள் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஜவுளிக்கடை முதலாளிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் நேரத்தைக் குறித்துக்கொள்ள ஓர் ஆளை வைத்திருக்கிறார். எனக்கு அந்தச் செலவும் இல்லை.

சரித்திரத்தில் ஒரு மனிதர் உண்டு. டைகோ பிராஹே என்ற பெரிய வான சாஸ்திரி. 1601இல் பிராகு நகரத்தில் ஒரு விருந்தில், பந்தியிலிருந்து எழுவது மரியாதை அல்ல என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வீடு திரும்பியபின் சிறுநீர் பிரியவில்லை. பதினோராம் நாள் இறந்துபோனார். அவருடைய உதவியாளரான கெப்ளர் இதை எழுதிவைத்தார். உண்மையில் எந்த நோயால் இறந்தார் என்பதை இன்னும் விவாதிக்கிறார்கள். ஒரு பெரிய மனிதர் ஒரே ஒரு நாள் மரியாதைக்காக அடக்கியதை உலகம் நானூறு வருஷமாகப் பேசுகிறது. நம் பெண்கள் தினமும் அடக்குகிறார்கள். அதைச் 'சூடு' என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்குகிறோம்.

கோபம் மட்டும் போதாது. உபயோகமாகவும் நாலு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். இவை டாக்டரம்மாள் எனக்குச் சொன்னவை.

சிறுநீர் வெளுப்பாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் அடக்கக் கூடாது. கழுவுவதோ துடைப்பதோ முன்னாலிருந்து பின்னாலேதான். தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுவது நல்லது. புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு இதைச் சொல்ல வேண்டிய பெரியவர்கள், வெட்கம் என்று விட்டுவிடக் கூடாது. எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்ச்சி, அடிவயிற்று வலி, சிறுநீரில் ரத்தம் ஆகியவை கண்டால் டாக்டரிடம் போக வேண்டும். குளிர் ஜுரமும் முதுகு வலியும் வாந்தியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். கிருமி சிறுநீரகத்தை எட்டிவிட்டதற்கு அது அறிகுறி. கர்ப்பிணிகளுக்குச் சில சமயம் ஒரு தொல்லையும் தெரியாமலே கிருமி இருக்கும்; கவனிக்காவிட்டால் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். ஆகவே அவர்கள் சிறுநீர்ச் சோதனையைத் தவறவிடக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களும் மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் இரண்டு மாத்திரை வேண்டவே வேண்டாம். அரைகுறையாகவும் தப்பாகவும் விழுங்கிய மருந்தில் தப்பிப் பிழைத்த கிருமிதான் அடுத்த தடவை வருகிறது. நம் நாட்டு ஈ.கோலை பல மருந்துகளுக்கு மசிவதில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அறிக்கைகள் வருஷந்தோறும் எச்சரிக்கின்றன. டாக்டர் எழுதிய மருந்தை எழுதிய நாள் வரையில் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

என் அக்காள் பெண் தேறிவிட்டாள். அதே கடைக்குத்தான் திரும்பப் போகிறாள். வேறு வேலை கிடைக்கவில்லை. இப்போது தண்ணீர்ப் புட்டி கொண்டுபோகிறாளாம். "கேக்கறியா?" என்று விசாரித்தேன். "மூணு பேராச் சேந்து போய்க் கேக்கறோம், மாமா. மூணு பேரா நின்னா அவரு கொஞ்சம் தணிஞ்சு பேசறாரு," என்றாள். அந்தச் சிறு பெண்ணுக்குத் தோன்றிய உபாயம் இருபது வருஷம் எழுதிய எனக்குத் தோன்றவில்லை.

அவர்கள் மூன்று பேரோடு நாலாவதாக நிற்க வேண்டியவர் நீங்கள். அடுத்த தடவை கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சீபுரம் போவீர்கள். ஐம்பது புடவையை விரிக்கச் சொல்லுவீர்கள். உங்களுக்குக் குளிர்பானம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்போது அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ தண்ணி குடிச்சியாம்மா?" என்று கேளுங்கள். முதலாளி காதில் விழும்படி, "இங்கே வேலை செய்யற பெண்களுக்குப் பாத்ரூம் எங்கே இருக்கு?" என்றும் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்கிற கேள்விக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால், நாளைக் காலையில் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாளிடம் நீங்களும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொல்லிவிட்டேன், ஏழு வருஷம் தாமதமாக.